கோவாவுக்குப் போகாத யாத்திரை

"போகாத ஊருக்கு வழி சொல்லுகிறான்" என்று நம் பெரியவர்கள் பரிகாசம் செய்வதுண்டு. நான் அதற்கும் ஒரு படி மேலே போய், போகாத ஊருக்குச் செய்த யாத்திரையைப் பற்றியே எழுத உட்கார்ந்திருக்கிறேன். போக உத்தேசித்த ஊர் கோவா. போய்ச் சேர்ந்த இடம் கிண்டி. புறப்பட்ட இடம் தாம்பரம்.

உலகத்தில் சூதாட்டத்தினாலேயே பெயர் பெற்ற நகரங்கள் சில உண்டு. மொனாக்கோ ராஜ்யத்தில் மான்டி கார்லோ. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ். சீனக் கரையில் மக்காவ். நம் தேசத்தில் அந்தப் பெருமை கோவாவின் தலைநகரான பணஜிக்குக் கிடைத்திருக்கிறது. அங்கே மாண்டோவி நதியில் இராத்திரி முழுவதும் விளக்கெரியும் கப்பல்களில் சூதாட்டம் நடக்கிறது. இந்த நகரங்களுக்கெல்லாம் தம்பதிகள் கைகோத்துக்கொண்டு போய்ப் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஜயித்தவர்கள் படத்தை எல்லோருக்கும் காட்டுகிறார்கள். தோற்றவர்கள், "சமுத்திரக் காற்று ரொம்ப நன்றாயிருந்தது" என்று சொல்லுகிறார்கள்.

என் மனையாளுக்குச் சூதாட்டக் கப்பலில் சிரத்தை இல்லை. அவளுக்குக் கோவாவின் கடற்கரையைப் பார்க்கவேண்டும். பழைய மாதாகோயில்களைப் பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாருடைய கல்யாணத்துக்கும் சாவுக்கும் அல்லாமல் என்னோடு ஓர் ஊருக்கு ரயிலேற வேண்டும். கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷமாக அது நடக்கவில்லை. ஆகையால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் "கோவாக் கணக்கு" என்று தலைப்பிட்டு, மூன்று வருஷத்தில் அறுபதினாயிரம் ரூபாய் சேர்த்திருந்தாள். நோட்டுப் புத்தகம் அவளிடம் இருந்தது. பணம் என் பெயரில் பாங்கியில் இருந்தது.

2025ஆம் வருஷம் பொங்கலுக்குப் பிறகு நான்கு நாள் லீவு எடுத்தேன். புறப்பட ஒரு வாரம் இருக்கையில், எனக்குத் திடீரென்று சுதேசப் பற்று பொங்கிற்று.

"நம்முடைய வாசலில் இருப்பதைப் பார்க்காமல் அவ்வளவு தூரம் போவானேன்? தாம்பரத்தில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறோம். வண்டலூரைப் பார்த்தோமா? பறங்கிமலை ஏறினோமா? முதலில் இந்த நாலு நாளில் இதையெல்லாம் பார்த்துவிடுவோம். கோவா எங்கே ஓடிப்போகிறது?" என்றேன்.

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். "கோவா ஓடாது. லீவுதான் ஓடிவிடும்" என்று சொல்லி, நோட்டுப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டாள். என் சுதேசப் பற்றுக்குக் காரணம் வேறொன்று என்பதை நேயர்கள் இப்போதே ஊகித்திருக்கலாம். அவள் ஊகிக்கவில்லை.

முதல் நாள் வியாழக்கிழமை. வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போனோம். சென்னையின் மிருகசாலை 1855ஆம் வருஷம் எழும்பூர்ப் பொருட்காட்சி சாலையில் தொடங்கியது. அப்போது அதன் தலைவராயிருந்த எட்வர்ட் பால்ஃபர் என்பவர்தான் அதற்குக் காரணஸ்தர். பிறகு சென்ட்ரல் ரயிலடிக்கு அருகே இருந்த பூங்காவுக்குப் போய், நகரத்தில் நெருக்கடி தாங்காமல் 1985-ல் வண்டலூருக்கு வந்து சேர்ந்தது. இப்போது அறுநூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டில் மிருகங்கள் காற்றோட்டமாக வசிக்கின்றன. இந்தச் சரித்திரத்தைச் சொன்னேன்.

"புலிக்குக்கூட ஊருக்கு வெளியே ஒரு வீடு அமைய நூற்று முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. நமக்குச் சீக்கிரம் அமைந்துவிட்டது" என்றாள். எங்கள் வீட்டுக் கடன் அடைந்தது போன வருஷம்தான்.

திரும்பும் வழியில் தாம்பரம் சானடோரியத்தின் பக்கமாக நடந்தோம். தினந்தோறும் ரயிலில் கேட்கும் பெயர். அதன் அர்த்தத்தை நினைக்கிறவர்கள் குறைவு. சீமையில் படித்துத் திரும்பிய டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-ல் இங்கே க்ஷயரோக வைத்தியசாலையை ஸ்தாபித்தார். அந்த நோயைக் கொல்லும் மருந்து அப்போது கிடையாது. நல்ல காற்று, வெயில், ஆகாரம், ஓய்வு, இவைதான் சிகிச்சை. 1937-ல் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. மருந்து வந்த பிறகும் ஆஸ்பத்திரி அங்கேயே இருக்கிறது. அதன் பெயர் ரயில் நிலையத்துக்கும் நிலைத்துவிட்டது. மரங்களுக்கு அடியில், நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் பாத்திரத்தை அவிழ்த்துச் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். "காசில்லாத காற்றை மருந்தாகக் கொடுத்திருக்கிறார், பெரிய மனுஷர்" என்றாள் இவள். அன்றைய செலவை நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமையானதால் பல்லாவரம் சந்தைக்குப் போனோம். உடைந்த கடிகாரமும் பழைய கதவும் கறுத்த பித்தளையும் ஒன்றோடொன்று உறவு கொண்டாடும் அந்தச் சந்தையில் கிடைக்காத சாமான் கிடையாது. ஆனால் பல்லாவரத்தில் கிடைத்த பழைய சாமான்களுக்குள் எல்லாம் பழையது 1863ஆம் வருஷம் மே மாதம் 30ஆம் தேதி அகப்பட்டது. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி இங்கே ஒரு சரளைக்கல் பள்ளத்தில் மனிதன் கையால் செதுக்கிய கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் ஆதி மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதை உலகம் ஒப்புக்கொள்வதற்கு அந்தக் கல்தான் முதற் சாக்ஷி.

கல்லாயுதத்தின் பெருமையை நான் விவரித்துக்கொண்டிருக்கையில், இவள் ஒரு பித்தளை அடுக்கைத் தட்டிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, தொள்ளாயிரம் என்றதை நானூற்றைம்பதுக்கு முடித்துவிட்டாள். கடைக்காரர் அழுகிற குரலில் சிரித்தார். திறமையினால் மட்டும் ஜயிக்கக்கூடிய ஆட்டம் ஒன்று உலகத்தில் உண்டானால் அது அதுதான் என்று எனக்குத் தோன்றிற்று. இந்த வாக்கியம் பின்னால் உபயோகப்படும்.

மூன்றாம் நாள் பறங்கிமலை. 1523-ல் போர்ச்சுக்கீசியர் கட்டிய மாதாகோயில் உச்சியில் இருக்கிறது. படிகளில் ஏறி மேலே போய் நின்றால், ஒரு பக்கம் மீனம்பாக்கத்து ஆகாய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்குகின்றன. மறுபக்கம் வீடுகளின் கூட்டத்துக்கு நடுவே கிண்டியின் பச்சை தெரிகிறது. கோயிலுக்கு வெளியே வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்காரரின் மார்பளவுச் சிலையைக் கண்டோம். "இவர் யார், பாதிரியாரா?" என்று இவள் கேட்டாள்.

பாதிரியார் அல்ல, பாரத தேசத்தை அளந்தவர். 1802ஆம் வருஷம் ஏப்ரல் 10ஆம் தேதி இந்த மலையடிவாரத்திலிருந்துதான் அவர் அளக்கத் தொடங்கினார். நூறு அடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதற்காகப் பக்கத்திலேயே உஷ்ணமானி. அந்தச் சங்கிலியை எடுத்து எடுத்துப் போட்டு, ஏழரை மைல் நீளமான முதற் கோட்டை அளந்து முடிக்க ஐம்பத்தேழு நாள் பிடித்தது. அந்தக் கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டே போய், கடைசியில் இமயமலை வரையில் அளந்துவிட்டார்கள். பின்னாளில் உலகத்தின் உயர்ந்த சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்ட வங்காளி ராதாநாத் சிக்தாரும் இந்த அளவைப் பணியில் உழைத்தவர்தான்.

"நூறு நூறு அடியாகவா? ஒரு தடவை பிசகினால்?"

"திரும்ப அளப்பார்கள்."

"அப்படித்தான் நானும் சேர்த்தேன், நூறு நூறாக" என்றாள் அவள். கோவாவைப் பற்றித்தான் சொல்லுகிறாள் என்பதை உணர எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் விமானத்தைப் பார்ப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான்காம் நாள் கிண்டிக்குப் புறப்பட்டோம். ஆளுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட்டு. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் வருஷத்தில். அதே 1931-ல்தான் அமெரிக்காவில் நெவாடா மாகாணம் சூதாட்டத்துக்குச் சட்டப்படி அனுமதி கொடுத்தது. பாலைவனத்தில் லாஸ் வேகாஸ் பெருநகரமாக வளர்ந்தது. நமக்கு ரயில் வந்த வருஷம் அவர்களுக்குச் சூது வந்தது. ரயிலில் ஐந்து ரூபாய் கொடுத்தால் ஐந்து ரூபாய்க்குரிய தூரம் நிச்சயமாகப் போய்ச் சேரலாம். மற்றதில் அப்படிச் சொல்வதற்கில்லை.

ஆனால் சூது நமக்கு வராமல் இல்லை. கிண்டிக் குதிரைப் பந்தய மைதானம் ரயிலுக்கு மூத்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே இங்கே பந்தயம் உண்டு. வேளச்சேரிப் பக்கத்தில் ஒரு சாலைக்கே "ஐந்து பர்லாங் சாலை" என்று பெயர் நிலைத்திருக்கிறது. சென்னையின் தென்புறத்தில் ஒரு காலத்தில் எத்தனையோ குமாஸ்தாக்களின் முதல் தேதிச் சம்பளம் கிண்டியில் இறங்கிக் காணாமற் போயிருக்கிறது. பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தமிழ்நாடு சர்க்கார் சட்டம் செய்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. 1996ஆம் வருஷம் ஜனவரி 12ஆம் தேதி தீர்ப்பு வந்தது: குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது, ஆகையால் சூதாட்டம் ஆகாது.

மைதானத்துச் சுவரின் ஓரமாக நடந்துகொண்டே இதைச் சொன்னேன். இவள் நின்றுவிட்டாள்.

"திறமை குதிரைக்குத்தானே? குதிரை ஓட்டுகிறவனுக்குத்தானே? வெளியே நின்று பணத்தைக் கட்டுகிறவனுக்கு என்ன திறமை?"

"எந்தக் குதிரை ஜயிக்கும் என்று கண்டுபிடிக்கிற திறமை."

"அவ்வளவு திறமை உள்ளவன் பல்லாவரம் சந்தையில் ஒரு பித்தளை அடுக்கு வாங்கட்டும், பார்க்கலாம்."

நியாயாதிபதிகளின் முன்னிலையில் அவள் வாதாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. மைதானத்தின் கதையை மேலும் சொன்னேன். நூற்றறுபது ஏக்கர் சர்க்கார் நிலம். 1945 முதல் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகை. வருஷ வாடகை அறுநூற்றுப் பதினாலு ரூபாய் சொச்சம். "வருஷத்துக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். 2024ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் சர்க்கார் அந்தக் குத்தகையை ரத்துச் செய்து, கதவுக்கு முத்திரை வைத்ததும், விவகாரம் ஹைகோர்ட்டுக்குப் போனதும் நேயர்கள் பத்திரிகையில் படித்த சங்கதிதான்.

"கோவாவிலும் இப்படித்தான் சுவர் இருக்குமோ?" என்று கேட்டாள்.

"அங்கே சுவர் வேறு விதம்" என்றேன். கோவாவின் சூதாட்டக் கப்பல்களில் கோவாக்காரர்கள் ஏறி ஆடக்கூடாது என்று 2020 முதல் தடை இருக்கிறது. மொனாக்கோ நாட்டுப் பிரஜைகள் மான்டி கார்லோ சூதாட்ட மண்டபத்தில் ஆடக்கூடாது. சிங்கப்பூரில் அயல் நாட்டார் சும்மா நுழையலாம். சொந்தப் பிரஜை உள்ளே போக ஒரு நாளைக்கு நூற்றைம்பது வெள்ளி கட்டவேண்டும்.

"தன் பிள்ளைக்குக் கொடுக்காத பட்சணத்தை விருந்தாளிக்குப் பரிமாறுகிறார்கள். அதைத் தின்பதற்கு ரயிலேறிப் போகிறவன்தான் அசடு" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அங்கிருந்து ஆட்டோ வண்டியில் காந்தி மண்டபத்துக்குப் போனோம். 1956ஆம் வருஷம் ஜனவரி மாதம் ராஜாஜி திறந்துவைத்த மண்டபம் அது. அருகிலேயே ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவாலயங்கள் இருக்கின்றன. குதிரைப் பந்தயத்துக்கும் இந்தப் பெரியவர்களின் சன்னிதிக்கும் இடையே அதிக தூரம் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த புளியஞ்சாதத்தைச் சாப்பிட்டோம். மான்களின் வனம் பக்கத்தில் இருப்பதால் நகரத்தின் இரைச்சல் அங்கே சற்று அடங்கிக் கேட்கிறது. ராஜாஜியின் "வியாசர் விருந்து" எங்கள் வீட்டில் இருக்கிறது. இவள் அதைப் பலமுறை படித்தவள்.

"தருமபுத்திரர் அவ்வளவு படித்தவர். ஏன் எழுந்திருக்காமல் ஆடிக்கொண்டே இருந்தார்? அது எனக்கு எப்போதும் புரிந்ததில்லை" என்றாள்.

எனக்குப் புரியும். அதனால்தான் அந்த இடத்தில் என் வாய் திறந்துகொண்டது.

கைத்தொலைபேசியில் ரம்மிச் சீட்டு ஆடுவதற்கு ஏற்பாடுகள் இருந்தன. ஒருநாள் இராத்திரி தூக்கம் வராமல் ஆடிப் பார்த்தேன். எண்ணூறு ரூபாய் ஜயித்தேன். திருவள்ளுவர் சூதில் வரும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டதுதான். வாயில் முள் இருக்கும்போது ஞாபகம் வருவதில்லை. தோற்ற பிறகு எழுந்திருக்கவேண்டும் என்று தோன்றவில்லை. தோற்றதை மீட்டுக்கொண்டு எழுந்திருக்கலாம் என்றே தோன்றிற்று. ரம்மி திறமையின் ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1967-லேயே சொல்லியிருக்கிறது. 2023-ல் சென்னை ஹைகோர்ட்டும் ரம்மிக்கு விதித்த தடையை ரத்துச் செய்தது. இதையெல்லாம் படித்து மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஐந்து மாதத்தில் நாற்பத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் போய்விட்டது. சூதாட்ட நகரத்தைப் பார்க்க நான் போகவேண்டியிருக்கவில்லை. அது என் சட்டைப் பைக்கு வந்து, எங்கள் வீட்டுக் கூடத்தில், அவள் தூங்கிக்கொண்டிருக்கையில் நடந்துகொண்டிருந்தது.

சொல்லி முடித்தபோது அவள் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தாள். மூடியை இரண்டு தடவை திருகினாள். ஒன்றும் பேசவில்லை. கிண்டி ரயில் நிலையத்திலும் பேசவில்லை. பறங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம்... ஒவ்வொரு நிலையமாக வந்து போயிற்று. மூன்று நாளாகப் பார்த்த இடங்களெல்லாம் ஜன்னலுக்கு வெளியே திரும்பி ஓடின. குரோம்பேட்டை தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"தருமர் திரௌபதியை வைத்து ஆடினார். நீங்கள் கோவாவைத்தான் வைத்தீர்கள். அவருக்கு நீங்கள் கொஞ்சம் தேவலை."

நான் தலை நிமிரவில்லை.

"ஆனால் அவரிடம் திரௌபதி ஒரு கேள்வி கேட்டாள். நானும் கேட்கிறேன். அந்தப் பணத்தில் நான் சேர்த்தது எவ்வளவு, நீங்கள் சேர்த்தது எவ்வளவு, உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். நோட்டுப் புத்தகத்தில் தேதிவாரியாக இருந்தது. தாம்பரத்தில் இறங்குவதற்குள், கைத்தொலைபேசியை வாங்கி, அந்தச் சீட்டாட்டத்தை அதிலிருந்து நீக்கினாள். மறுநாள் பாங்கிக்குப் போய் மிச்சமிருந்த பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். கோபித்துக்கொண்டு பிறந்தகம் போகவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. சில வாரங்கள் வரையில் இராத்திரி எனக்கு முன்னால் அவள் தூங்கவில்லை. அதுதான் தண்டனை.

2025ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பார்லிமெண்டு, பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தேசம் முழுவதும் தடுத்துச் சட்டம் செய்தது. அன்றைப் பத்திரிகையைப் படித்துக் காட்டினேன். "நம் வீட்டில் ஜனவரியிலேயே அமுலுக்கு வந்துவிட்டதே!" என்று சொல்லிவிட்டுக் காப்பியை ஆற்றினாள்.

விடுமுறைக்குச் சூதாட்ட நகரங்களைப் பார்க்கப் போகும் தம்பதிகளுக்கு ஒரு வார்த்தை. நன்றாகப் போய்வாருங்கள். கடலையும் கோயிலையும் விளக்குகளையும் பாருங்கள். அந்தச் சீர்மையான மண்டபங்களை யார் பணத்தில் கட்டினார்கள் என்பதையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் வந்த விருந்தாளிகள் விட்டுப்போன பணம் அது. புறப்படுவதற்கு முன், சட்டைப் பையில் வேறொரு சூதாட்ட நகரம் இருக்கிறதா என்றும் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து போனால், தாம்பரத்திலிருந்து கிண்டி வரையில் ஐந்து ரூபாயில் போவதும் உல்லாசப் பிரயாணந்தான். எனக்கு அது திரும்பி வரும்போதுதான் கிடைத்தது.

அந்த நோட்டுப் புத்தகம் இப்போதும் இருக்கிறது. "கோவாக் கணக்கு" என்ற தலைப்பை அவள் அடிக்கவில்லை. அதன் கீழே நான்கு நாள் செலவும் வரிசையாக இருக்கிறது: மிருகசாலை, பித்தளை அடுக்கு, மலை, ரயில் டிக்கெட்டு. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே மாதாமாதம் நூறும் ஐந்நூறுமாக வரவு ஏறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தொகைக்கும் எதிரே யார் கொடுத்தது என்று இப்போது எழுதிவைக்கிறாள். போன மாதம் பார்த்தேன்; என் பெயர் அவள் பெயரைவிட ஒரு வரி கூடுதலாக இருந்தது.